அம்மா வேலைக்குப் போன பிறகு வீட்டில் யார்?

வேலைக்குப் போகும் அம்மாவைப் பற்றித் தமிழில் படம் எடுத்தால் அது கைதட்டலில்தான் முடிய வேண்டும் என்று எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. அவள் எல்லார் முன்னிலையிலும் பாராட்டப்படுவாள். அதுவரை அவளை லேசாக நினைத்த கணவன் வாயடைத்து நிற்பான். அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்ட பிள்ளை இப்போது பெருமையாகப் பார்க்கும். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து 'செம்ம இன்ஸ்பிரேஷன்' என்று ஸ்டேட்டஸ் போடுவோம். மகளிர் தினத்துக்கும் அன்னையர் தினத்துக்கும் இங்கே நடக்கும் நிகழ்ச்சிகளின் அச்சும் இதேதான். பிள்ளைகளையும் வளர்த்து, தொழிலையும் வளர்த்த ஓர் அம்மா மேடையேறுவார். கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் 'நம்மாலும் முடியும்' என்று வீட்டுக்குப் போக வேண்டும்.

இதுல என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. ஓர் அம்மா வேலைக்குப் போவது இன்னொரு பெண்ணை எப்படி வேலைக்கு அனுப்புகிறது? இரண்டு பெண்களுக்கும் நடுவில் உண்மையில் கைமாறுவது எது? மேடைப் பேச்சா, காசா, துணிச்சலா, இல்லை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளா? இந்தக் கேள்வியோடு நான்கு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு தமிழ், ஒன்று வங்காளம், ஒன்று சிங்கப்பூர்.

முதலில் '36 வயதினிலே'. 2015-இல் வந்தது. மஞ்சு வாரியர் நடித்த 'ஹவ் ஓல்ட் ஆர் யூ' என்ற மலையாளப் படத்தின் தமிழ் வடிவம். இரண்டையும் இயக்கியவர் ரோஷன் ஆண்ட்ரூஸ். திருமணத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் திரையில் இல்லாதிருந்த ஜோதிகா திரும்பி வந்த படம் என்பதால், கதைக்கு வெளியிலும் ஒரு கதை ஓடியது. பார்வையாளர்கள் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கைதட்டினார்கள்.

படத்தின் வசந்தி வருவாய்த் துறை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். இதைக் கவனிக்க வேண்டும். படம் தொடங்கும்போதே அவள் வேலைக்குப் போகும் அம்மாதான். கோப்பு புரட்டி, பேருந்து பிடித்து, வீட்டுக்கு வந்து சமைப்பவள். ஆனால் படம் அதை ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. கணவனும் மகளும் அயர்லாந்து போகிறார்கள், வயதைக் காரணம் காட்டி இவளுக்கு அங்கே வேலை மறுக்கப்படுகிறது, குடியரசுத் தலைவர் முன்னால் மயங்கி விழுந்து ஊரே கேலி செய்கிறது. இத்தனைக்கும் பிறகு, கல்லூரித் தோழி சூசன் வந்து உசுப்பிவிட, மொட்டை மாடியில் இயற்கைக் காய்கறி வளர்க்கத் தொடங்கும்போதுதான் அவளுக்கு 'வாழ்க்கை' தொடங்குவதாகப் படம் சொல்கிறது.

சூசன் வரும் காட்சிகள் படத்தின் உயிர். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம், 'நீ இப்படி இருந்தவ இல்லையே' என்ற தொனியில் பேசுவதற்குள் ஒரு பழைய நட்பின் உரிமை இருக்கிறது. அந்த இடங்களில் ஜோதிகாவின் முகம் உண்மையாகவே மாறுகிறது. ஆனால் அதற்குப் பிறகு படத்துக்கு அவசரம். வசந்தியின் வெற்றியை அளக்க அதற்கு ஒரே ஓர் அளவுகோல்தான் தெரிகிறது. மயங்கி விழுந்த அதே பெரிய இடத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும். நாட்டின் முதல் குடிமகன் பாராட்டினால்தான் ஓர் அம்மாவின் உழைப்புக்கு மதிப்பு என்றால், அரசாங்க அலுவலகத்தில் ஓய்வுபெறும்வரை கோப்பு புரட்டப்போகும் மற்ற வசந்திகள் என்ன செய்வது? அவர்களிடம் படம் சொல்வது 'நீ இப்போது செய்யும் வேலை வேலையே இல்லை' என்பதைத்தான். ஊக்கம் கொடுக்க வந்த படம் போகிற போக்கில் பாதிப் பேரைக் கீழே தள்ளிவிடுகிறது.

2018-இல் ராதா மோகன் இயக்கிய 'காற்றின் மொழி' ('தும்ஹாரி சுலு'வின் தமிழ் வடிவம்) இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானது. பெரிய படிப்பு இல்லாத விஜிக்கு வானொலியில் இரவு நிகழ்ச்சி நடத்தும் வேலை கிடைக்கிறது. அவளுக்கு அந்த வேலை பிடிக்கிறது. பணத்துக்காக மட்டும் இல்லை, தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்பது பிடிக்கிறது. அந்தச் சந்தோஷத்தைப் படம் நன்றாகவே காட்டுகிறது. பிறகு மகனுக்குப் பள்ளியில் சிக்கல் வருகிறது. பழி எங்கே போய் விழும்? அப்பாவின் வேலைமேல் விழாது. அம்மாவின் இரவு நிகழ்ச்சிமேல்தான் விழும். அவள் வேலையை விடுகிறாள், பின்பு திரும்புகிறாள், எல்லாம் சுபம். ஆனால் அந்தப் பழி நியாயமா என்று படம் யாரையும் உட்கார வைத்துக் கேட்கவில்லை. சிக்கல் தீர்கிறது, கேள்வி அப்படியே கிடக்கிறது.

இந்த இரண்டு படங்களுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை ஓடுகிறது. அம்மாவின் இயல்பான இடம் வீடு. அவள் வெளியே வருவது ஒரு நிகழ்ச்சி, ஒரு சாதனை. அதனால்தான் கைதட்டல் தேவைப்படுகிறது. வெளியே வருவது சாதாரணம் என்றால் யார் கைதட்டப் போகிறார்கள்?

சத்யஜித் ராயின் 'மகாநகர்' 1963-இல் வந்தது. நரேந்திரநாத் மித்ராவின் கதையிலிருந்து எடுக்கப்பட்ட படம். அடுத்த ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி ராய்க்குக் கிடைத்தது. கதையைச் சொன்னால் மேலே பார்த்த படங்கள் மாதிரியே இருக்கும். கல்கத்தாவில் ஒரு நெருக்கடியான வீடு. சுப்ரதாவின் வங்கிச் சம்பளம் போதவில்லை. அப்பா, அம்மா, படித்துக்கொண்டிருக்கும் தங்கை பானி, சின்ன மகன் பிண்ட்டு. மனைவி ஆரத்தி வேலைக்குப் போகிறாள். வசதியான வீடுகளின் கதவைத் தட்டிப் பின்னல் இயந்திரம் விற்கும் வேலை.

வித்தியாசம் எங்கே என்றால், ராய் அவளை ஒருமுறைகூட மேடையேற்றுவதில்லை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு விலை இருக்கிறது, அந்த விலையை யாரோ கொடுக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரான மாமனாருக்கு மருமகளின் சம்பளத்தில் வாழ மனம் வரவில்லை. நன்றாக இருக்கும் பழைய மாணவர்களைத் தேடிப்போய்க் கை நீட்டுகிறார். அதைவிடக் கேவலம் வேறு இருக்கிறதா என்று நமக்குத் தோன்றுகிறது, அவருக்குத் தோன்றவில்லை. பிண்ட்டுவுக்குப் பொம்மை காட்டிச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலைக்கு அனுப்பிய சுப்ரதாவே அவள் வளர வளரச் சுருங்குகிறான். அவளுக்காக ராஜினாமாக் கடிதத்தைத் தானே எழுதிக் கொடுக்கிறான். அவள் அதைக் கொடுக்கப் போகும் நேரத்தில் அவனிடமிருந்து தொலைபேசி வருகிறது. வங்கி திவாலாகிவிட்டது, வேலையை விட்டுவிடாதே என்கிறான். இதை ராய் நகைச்சுவையாகவும் எடுக்கவில்லை, சோகமாகவும் எடுக்கவில்லை. நடந்தது நடந்தபடி. அதனால்தான் வலிக்கிறது.

என் கேள்விக்கு இந்தப் படத்தில் பதில் சொல்வது எடித். ஆங்கிலோ இந்தியப் பெண், ஆரத்தியோடு வேலை பார்ப்பவள். ஆரத்திக்கு உதட்டுச் சாயம் கொடுத்துப் பூசச் சொல்லித் தருகிறாள். முதலாளியிடம் கமிஷன் கேட்டு வாதாடுவதை ஆரத்தி இவளிடம்தான் பார்க்கிறாள். எடித் அம்மா இல்லை, யாருக்கும் முன்மாதிரியாக இருக்கவும் நினைக்கவில்லை. ஆனாலும் ஆரத்தி வேலைக்காரியாக மாறுவது இந்தச் சின்னக் கொடுக்கல் வாங்கல்களில்தான். முதல் சம்பளம் வாங்கிய ஆரத்தி கண்ணாடி முன்னால் நின்று புது நோட்டுகளை முகர்ந்து பார்க்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாதபி முகர்ஜியின் முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம் வந்து போகிறது. வசனமே இல்லை.

பிறகு எடித் உடம்பு சரியில்லாமல் சில நாள் வரவில்லை. முதலாளி அவள் நடத்தையைக் குறை சொல்லி வேலையைவிட்டு நீக்குகிறார். அவள் இனம்தான் அவருக்குப் போதுமான ஆதாரம். ஆரத்தி வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு நன்மைதான். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்தி. கணவனுக்கு உதவுவதாகச் சொல்லியிருப்பவரும் அதே முதலாளி. இருந்தும் எடித்திடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள். அவர் மறுக்கிறார். கணவன் எப்போதோ எழுதிக் கொடுத்த அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டிவிட்டு வந்துவிடுகிறாள்.

யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போகும் அம்மாவைப் பற்றிய படம், அம்மா வேலையை விடுவதில் முடிகிறது. கணவனுக்கும் வேலை இல்லை. இதில் என்ன ஊக்கம் இருக்கிறது? எனக்கென்னவோ மேலே சொன்ன கைதட்டல்களைவிட இதில்தான் இருக்கிறது என்று படுகிறது. வசந்தியைப் பார்க்கும் பெண்ணுக்குக் கிடைப்பது 'நானும் அவளைப்போல் ஜெயிக்க வேண்டும்' என்ற சுமை. ஆரத்தியைப் பார்க்கும் பெண்ணுக்குக் கிடைப்பது 'வேலை செய்யும் இடத்தில் என் பக்கத்து இருக்கைக்காரிக்கு நான் யார்' என்ற கேள்வி. அந்தப் பக்கத்து இருக்கைக்காரி வேறு இனம், வேறு மொழி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஆரத்தியால் வெளியே போக முடிவது வீட்டில் மாமியாரும் பானியும் இருப்பதால். கூட்டுக் குடும்பம்தான் அவளுடைய தாதி. அவர்கள் செய்யும் வேலை சட்டகத்தின் ஓரத்தில் நடக்கிறது, ராய் அங்கே அதிகம் நிற்பதில்லை. அண்ணன் தன் படிப்பைக் கேலி செய்வதையும் அண்ணி வேலைக்குப் போவதையும் ஒரே வீட்டிலிருந்து பார்க்கும் பானி என்ன நினைத்திருப்பாள்? சிறுமி ஜெயா பாதுரியின் கண்களில் ஏதோ இருக்கிறது. அதை ஒரு கதையாக யாரும் எழுதவில்லையே என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தோன்றும்.

கூட்டுக் குடும்பம் இல்லாத அடுக்குமாடி வீட்டில் அந்த ஓரத்து வேலையை யார் செய்வது? 1978-இல் சிங்கப்பூர் அதற்கு ஒரு வழி கண்டது. வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்களை வரவழைக்கும் திட்டம். சிங்கப்பூர்ப் பெண்கள் வேலைக்குப் போக வேண்டும், நாட்டுக்கு ஆள் தேவை, எனவே வீட்டைப் பார்த்துக்கொள்ள வேறு நாட்டுப் பெண்கள். ஓர் அம்மா வேலைக்குப் போக, இன்னோர் அம்மா தன் பிள்ளையை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வர வேண்டும். ஒரு பெண்ணின் வேலை இன்னொரு பெண்ணை வேலைக்கு அனுப்புவது இப்படியும்தான்.

அந்தோணி சென்னின் 'இலோ இலோ' (2013) இந்த இடத்தில் கேமராவை வைக்கிறது. கான் விழாவில் முதல் படத்துக்கான கேமரா டி'ஓர் பெற்ற படம். அதன் சீனத் தலைப்பின் பொருள் 'அப்பா அம்மா வீட்டில் இல்லை' என்பது. 1997 ஆசிய நிதி நெருக்கடிக் காலம். அம்மா ஹ்வீ லெங் கர்ப்பிணி, அலுவலக வேலை. அவள் வேலையில் ஒன்று, ஆட்குறைப்பில் நீக்கப்படுபவர்களுக்குக் கடிதம் தட்டச்சு செய்வது. அப்பாவின் வேலை போய்விட்டது, அதை வீட்டில் சொல்லவில்லை. அடங்காத பையன் ஜியாலேயைப் பார்த்துக்கொள்ளப் பிலிப்பீன்ஸிலிருந்து தெரேசா வருகிறாள். வந்ததும் ஹ்வீ லெங் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, அவளுடைய கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வது.

தெரேசாவும் ஒரு வேலைக்குப் போகும் அம்மா. ஊரில் கைக்குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தையைப் பற்றித் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இந்த வீட்டுப் பையனைக் குளிப்பாட்டுகிறாள். பையன் மெல்ல மெல்ல அவளோடு ஒட்டிக்கொள்கிறான். பெற்ற அம்மாவுக்கு வயிறு எரிகிறது. மலேசியாவில் பிறந்த நடிகை யோ யான் யான் இந்தப் பொறாமையைக் கொஞ்சமும் இனிப்புத் தடவாமல் நடித்திருக்கிறார். அவள் கெட்டவள் இல்லை. வயிற்றில் ஒன்று, வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் அடுத்த கடிதம் தன் பெயருக்கு வருமோ என்ற பயம். இரண்டு அம்மாக்களும் ஒரே சமையலறையில் நிற்கிறார்கள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி வேலைக்குப் போக முடியாது. ஆனால் அவர்களுக்குள் நன்றி சுலபமாக வருவதில்லை.

இந்தப் படத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கிளைக்கதை ஒன்று உண்டு. ஹ்வீ லெங் ஒரு தன்முனைப்புப் பேச்சாளரிடம் போய்ச் சேருகிறாள். நம்பிக்கை உனக்குள்ளேயே இருக்கிறது என்று மேடையில் சொல்பவர். காசு கட்டுகிறாள். கடைசியில் அந்த ஆள் மோசடிப் பேர்வழி என்று தெரிகிறது. ஊக்கத்தை விற்பவனிடம் ஏமாந்த அந்த அம்மா வீடு திரும்பும்போது, அவள் பிள்ளைக்குச் சோறு போட்டு வைத்திருப்பது நாடு தாண்டி வந்த இன்னோர் அம்மா. 'இன்ஸ்பிரேஷன்' பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் வேறெந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

தெரேசாவைப் பார்க்கும்போது மலேசியத் தமிழனுக்கு வேறொரு முகமும் தெரிய வேண்டும். கடல் தாண்டி உழைக்க வந்த பெண்கள் என்றால் நம் பாட்டிகளும் பூட்டிகளும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்கு 'வேலைக்குப் போகலாமா வேண்டாமா' என்ற கேள்வியே இருந்ததில்லை. விடியும் முன்பே எழுந்து, சமைத்து வைத்து, பெரட்டுக்கு ஓடி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, உளியும் வாளியுமாகத் தன் நிரைக்குப் போனவள் அவள். வெயில் ஏறும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், உளி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். அது ஒரு தொழில்திறன். கையில் வர நாளாகும்.

நம் தோட்டத்துக் கதைகள் இந்த அம்மாவை நிறையவே எழுதியிருக்கின்றன. ஆனால் நான் படித்தவரையில் அவளைத் தியாகியாக எழுதியதே அதிகம், தொழிலாளியாக எழுதியது குறைவு. அவள் அழுவதை எழுதினோம், அவள் கை எப்படிச் சீவியது என்று எழுதவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த அம்மாக்கள் மகள்களுக்கு ஊக்கம் கொடுத்தார்கள், ஆனால் அது மேடை ஊக்கத்துக்கு நேர் எதிரானது. 'என்னைப்போல் வா' என்று யாரும் சொல்லவில்லை. 'என்னை மாதிரி ஆயிடாதடி, படி' என்றுதான் சொன்னார்கள். தன் வேலையையே எச்சரிக்கையாகக் காட்டி மகளை வேறு வேலைக்கு அனுப்பிய அம்மாவை எந்த 'சிங்கப்பெண்' விருதில் சேர்ப்பது? அவள் முன்மாதிரி இல்லை. ஆனால் அவளில்லாமல் அந்த மகளின் ஆசிரியர் வேலையோ தாதி வேலையோ அலுவலக வேலையோ இல்லை.

ஆயாக் கொட்டகைக்கு வருவோம். தோட்டத்து அம்மாக்களை வேலைக்கு அனுப்பியது யாருடைய ஊக்கப் பேச்சும் இல்லை. வறுமை அனுப்பியது, ஆயா அதைத் தாங்கினாள். தொட்டில் வரிசையின் நடுவில் அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட அந்த ஆயாவும் ஒரு தொழிலாளிதான். நம் கதைகளில் அவள் வந்தாலும் ஒரு வரியில் வந்துவிட்டுப் போய்விடுகிறாள். 'மகாநகர்' பானியை ஓரத்தில் நிறுத்துவதும் நாம் ஆயாவை ஓரத்தில் நிறுத்துவதும் ஒன்றுதான்.

இது பழைய கதை இல்லை. 2023 ஜனவரி 1 முதல் மலேசிய வேலைச் சட்டத் திருத்தத்தின்படி பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அப்பாக்களுக்கு முதல்முறையாக 7 நாள் கிடைத்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் 98-க்கும் 7-க்கும் நடுவில் உள்ள 91 நாளில், பிள்ளை யாருடையது என்று சட்டம் நினைக்கிறது என்பதும் தெரிகிறது. அந்த 98 நாளும் முடிந்த மறுநாள் காலை, குழந்தையை யாரிடம் கொடுத்துவிட்டு அவள் கிளம்புகிறாள்? அம்மாவிடமா, மாமியாரிடமா, பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடமா, இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடமா? வேலைக்குப் போகும் அம்மாவின் உண்மையான கதை அந்தக் காலையில் தொடங்குகிறது. '36 வயதினிலே' மகள் வளர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. அது தற்செயலாக இருக்கலாம், வசதியாகவும் இருக்கிறது.

கைதட்டல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சூசன் மாதிரி ஒரு தோழி வந்து உசுப்பிவிட்டால் எழுந்து நிற்கிற பெண்கள் நிஜத்திலும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு படைப்பை எடை போடும்போது, நாயகி எவ்வளவு உயரம் ஏறினாள் என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அவள் ஏறிய நேரத்தில் ஏணியைப் பிடித்திருந்தது யார், அந்தக் கை படத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்றும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் விருது வாங்கிய பல கதைகள் இளைத்துப்போகும். யாரும் கண்டுகொள்ளாத சில கதைகள் எழுந்து நிற்கும்.

எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கலாம். மேடையில் நிற்கும் அம்மாவைப் பற்றி ஏற்கெனவே நிறைய இருக்கிறது. பிள்ளையை வாங்கிக்கொண்டு, 'நீ போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்' என்று சொல்பவளைப் பற்றி எழுதுங்கள். அவளுக்கு என்ன சம்பளம், அவள் பிள்ளை யாரிடம் இருக்கிறது, அவளுக்கு வேறு என்ன வேலை பார்க்க ஆசை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.